லாம்டா 0.957: பழைய பெட்ரோல் கார் புகைப் பரிசோதனையில் தவறியதற்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் காரணமா?

பழையவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன், மூவழி கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆக்சிஜன் சென்சார் என்று எளிமையான அமைப்பு. 20 ஆண்டுகளைக் கடந்த வண்டி என்றாலும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இம்முறை புகைப் பரிசோதனையில் தேறவில்லை. சீட்டில் அச்சாகியிருக்கும் அளவுகளை அப்படியே தருகிறேன்.

ஐட்லிங்கில்: கார்பன் மோனாக்சைடு 2.6 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 380 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 380 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 12.8, ஆக்சிஜன் 0.5, லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் எண்) 0.933.

நிமிடத்திற்கு 2500 சுற்றில்: கார்பன் மோனாக்சைடு 1.8, ஹைட்ரோகார்பன் 220, கார்பன் டை ஆக்சைடு 13.4, ஆக்சிஜன் 0.4, லாம்டா 0.957.

என் வண்டியின் வகைக்கு அதே சீட்டில் குறித்திருக்கும் வரம்பு: 2500 சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.3, ஹைட்ரோகார்பன் 200, லாம்டா 0.97 முதல் 1.03 வரை, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5.

ஸ்பார்க் பிளக்குகளும் ஏர் ஃபில்டரும் புதியவை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பெட்ரோல் செலவு சற்றுக் கூடியிருக்கிறது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' என்று மெல்லிய ஓசை கேட்டு, சூடானதும் மறைந்துவிடுகிறது. அதைப் பணிமனையில் டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) ஓசை என்றார்கள். கன்வெர்ட்டரை மாற்றினால் போதும் என்பதும் அவர்களுடைய முடிவு. அவ்வளவு செலவு செய்வதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எஞ்சின்நேசன் எழுதியது:

பணிமனையில் சொன்னது நியாயமாகவே படுகிறது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிப்பதுதான் கன்வெர்ட்டரின் வேலை. இரண்டும் வரம்பைத் தாண்டியிருக்கின்றன. 20 ஆண்டுகளில் உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றின் திறன் குறைந்திருக்கும். எஞ்சின் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சிறிது சிறிதாகப் படிந்தே அதை மூடிவிடும். மாற்றுவதற்கு முன் ஒரு முயற்சியாகப் பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் துப்புரவுத் திரவம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

நான்குவீச்சு எழுதியது:

கன்வெர்ட்டரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். அது முழு நலத்துடன் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் குற்றம் சொல்வதற்கான ஆதாரம் இந்தச் சீட்டில் இல்லை, வேறொன்றுக்கான ஆதாரம்தான் தெளிவாக இருக்கிறது. பலரும் சீட்டைக் கையில் வாங்கியதும் வரம்பைத் தாண்டிய வாயு எது என்று மட்டும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது லாம்டா.

பரிசோதனைக் கருவி லாம்டாவைத் தனியாக ஒரு சென்சாரை வைத்து அளப்பதில்லை. புகையில் உள்ள வாயுக்களின் அளவுகளை வைத்துக்கொண்டு, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றும் எவ்வளவு எரிபொருளும் போயிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறது. பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள் என்றால் லாம்டா 1.00. அதற்குக் கீழே போனால் பெட்ரோல் மிகுந்த கலவை, மேலே போனால் காற்று மிகுந்த கலவை. கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடு ஆக்கும், அவ்வளவுதான். அதனால் புதிய கார்பன் அணுவையோ ஆக்சிஜன் அணுவையோ உண்டாக்கவும் முடியாது, இருப்பதை அழிக்கவும் முடியாது. ஆகவே கன்வெர்ட்டருக்கு முன்னால் அளந்தாலும் பின்னால் அளந்தாலும் லாம்டா ஏறத்தாழ ஒன்றேதான். கன்வெர்ட்டர் செத்துப்போயிருந்தாலும் அது மாறாது. உங்கள் லாம்டா 0.957 என்றால், கன்வெர்ட்டரின் நிலை எப்படியிருந்தாலும் எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1.8 விழுக்காடு கார்பன் மோனாக்சைடை முழுவதும் எரிக்க அதில் பாதி, அதாவது 0.9 விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும். உங்கள் புகையில் மிஞ்சியிருப்பது 0.4. நாளைக்கே புத்தம் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தி, அது இந்த ஆக்சிஜன் முழுவதையும் பயன்படுத்திக்கொண்டாலும், குறையக்கூடியது ஏறத்தாழ 0.8 விழுக்காடுதான். 1.0 அளவில் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும். அப்போதும் தேற மாட்டீர்கள். அது மட்டுமல்லாமல், பெட்ரோல் மிகுந்த கலவையிலேயே தொடர்ந்து ஓடினால் புதிய கன்வெர்ட்டரும் விரைவில் கெடும்.

எஞ்சின்நேசன் சொல்வதில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. 1.8 கார்பன் மோனாக்சைடும் 0.4 ஆக்சிஜனும் ஒன்றோடொன்று சேராமல் கன்வெர்ட்டரைக் கடந்து வெளியே வந்திருக்கின்றன. அது போதிய சூட்டில் இல்லை அல்லது தளர்ந்திருக்கிறது என்பதற்கான குறி அது. ஆனால் அந்தக் கேள்வியை லாம்டா 1.00-க்கு வந்த பிறகுதான் கேட்க முடியும்.

ஸ்கேனர் கிடைத்தால் நன்கு சூடான எஞ்சினில் இவற்றைக் குறித்து அனுப்புங்கள்: கூலன்ட் வெப்பநிலை, இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) அழுத்தம், ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட்டேஜ், குறுகிய கால ஃப்யூவல் ட்ரிம், நீண்ட கால ஃப்யூவல் ட்ரிம்.

தீப்பொறி எழுதியது:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். அந்த ட்ரிம் எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனெனில் இந்த வழக்கின் திருப்பமே அதில்தான் இருக்கிறது.

ஃப்யூவல் ட்ரிம் என்பது கட்டுப்பாட்டுக் கணினி தன் அடிப்படைக் கணக்கிலிருந்து எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதன் விழுக்காடு. புகை பெட்ரோல் மிகுந்ததாக இருக்கும்போது அந்த எண் கழித்தலில் இருந்தால், கணினிக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அது குறைத்துப் பார்த்தும் முடியவில்லை. பெட்ரோல் அதன் கட்டுப்பாட்டுக்கு அப்பாலிருந்து வருகிறது என்று பொருள். ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்து அதன் வேக்குவம் குழாய் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படலாம் (குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரமும் பெட்ரோல் வாடையும் இருக்கும்). இன்ஜெக்டர் ஒழுகலாம். தொட்டியின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலந்து, அதன் ஆவி கிரான்க் கேஸ் காற்றோட்டக் குழாய் வழியே திரும்ப உள்ளே வரலாம்.

மாறாக, புகை பெட்ரோல் மிகுந்ததாக இருந்தும் ட்ரிம் கூட்டலில் இருந்தால், கணினியே வேண்டுமென்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. கலவை மெலிந்துவிட்டது, அதாவது காற்று மிகுந்துவிட்டது என்று யாரோ அதற்குப் பொய் சொல்கிறார்கள்.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: எஞ்சினை நிறுத்தி, ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மீண்டும் ஓடவிட்டுப் புகையை அளந்து பாருங்கள். கணினி சென்சாரை நம்பாமல் தன் அடிப்படைக் கணக்கில் ஓடும். கழற்றியதும் கார்பன் மோனாக்சைடு கணிசமாகக் குறைந்தால், சென்சார் தரும் தகவலில்தான் கோளாறு. இது சோதனைக்கு மட்டுமே. அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

துப்புரவுத் திரவத்தைப் பொறுத்தவரை, அழுக்கடைந்த இன்ஜெக்டருக்கு அது ஓரளவு உதவலாம். காரணம் தெரியாத நிலையில் ஊற்றினால் எதுவும் விளங்கப் போவதில்லை.

மலைப்பாதை எழுதியது:

இழைக்கு நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வண்டி இன்னும் பழையது; கார்புரேட்டர், கன்வெர்ட்டர் கிடையாது. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.2, ஹைட்ரோகார்பன் 1100, கார்பன் டை ஆக்சைடு 12.1, ஆக்சிஜன் 4.5, லாம்டா 1.19. எஞ்சின் சற்று மிஸ்ஸிங் அடிக்கிறது (சிலிண்டரில் அவ்வப்போது தீப்பற்றாமல் போகிறது). ஹைட்ரோகார்பன் இவ்வளவு இருப்பதால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று சொல்லி, அதைக் குறைக்க ஐட்லிங் ஸ்க்ரூவை இன்னும் இறுக்கச் சொல்கிறார்கள். அது சரியா?

நான்குவீச்சு எழுதியது:

மலைப்பாதை, இறுக்க வேண்டாம். உங்கள் நிலை இதற்கு நேர் எதிரானது. பெட்ரோல் மிகுந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்க வேண்டும்; உங்களுக்கு அது 0.2 மட்டுமே. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலேயே வெளியேறிய பெட்ரோல். அது கூடுதலான பெட்ரோலால் மட்டுமல்லாமல், தீப்பற்றாத பெட்ரோலாலும் வரும்.

ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியில் உள்ள குறைபாட்டால் மட்டும் மிஸ்ஸிங் அடித்திருந்தால், எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே வெளியேறும். கருவி இரண்டையும் கணக்கில் சேர்ப்பதால் லாம்டா 1.00-க்கு அருகிலேயே நின்றிருக்கும். உங்களுக்கு 1.19 என்பதால், கலவை மெலிந்து தீப்பற்றாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். கார்புரேட்டர் அடிக் கேஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாய் ஆகியவற்றில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கில் சோக்கை (காற்று வழியை அடைக்கும் தகடு) கையால் சிறிது மூடும்போது எஞ்சின் சீராக ஓடினால் ஐயமே இல்லை. சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து லாம்டா ஏறிக் காட்டும் என்பதால் அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பழையவண்டி எழுதியது:

ஸ்கேனர் ஒன்று கிடைத்தது. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது எடுத்த அளவுகள் இவை.

ஐட்லிங்கில் கூலன்ட் 91 டிகிரி, மேனிஃபோல்டு அழுத்தம் 34 கிலோபாஸ்கல், ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் 0.08 முதல் 0.25 வோல்ட்டுக்குள்ளேயே நிற்கிறது. குறுகிய கால ட்ரிம் +8, நீண்ட கால ட்ரிம் +19.

2500 சுற்றில் சென்சார் அவ்வப்போது 0.7 வரை எழும்பி இறங்குகிறது. ஆனால் கீழே நிற்கும் நேரமே அதிகம். நீண்ட கால ட்ரிம் +9.

தீப்பொறி சொன்ன இரண்டாவது வகை என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானே?

கரும்புகை எழுதியது:

ட்ரிம் +19 என்றால் இன்டேக் பக்கம் எங்கோ காற்று உறிஞ்சுகிறது அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். ஐட்லிங்கில் அதிகமாகவும் 2500-இல் குறைவாகவும் இருப்பதால் இன்டேக் கசிவுக்கே என் வாக்கு.

நான்குவீச்சு எழுதியது:

ட்ரிம்மை மட்டும் பார்த்தால் கரும்புகை சொல்வது சரியான ஊகம். புகையளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. இன்டேக்கில் கூடுதல் காற்று நுழைந்தால் சென்சார் அதை உண்மையாகவே உணரும், கணினி அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டும், ஈடுசெய்து முடித்ததும் புகையின் லாம்டா 1.00-க்கு வந்து நிற்கும். பம்ப் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். அந்த வகைக் கோளாறுகளில் ட்ரிம் கூட்டலில் இருக்கும், புகை சரியாக இருக்கும். இங்கே ட்ரிம் கூட்டலில் இருக்கிறது, புகையோ 0.933. குறைந்த வோல்ட்டேஜைக் காட்டிக் கலவை மெலிந்தது என்று சென்சார் சொல்வதும், பெட்ரோல் மிகுந்தது என்று புகை சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண். கூலன்ட் 91 டிகிரி என்று சரியாகத் தெரிவதால், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று தவறாகக் கருதிப் பெட்ரோலைக் கூட்டவில்லை என்பதும் உறுதியாகிறது. ஐட்லிங்கில் 34 கிலோபாஸ்கல் என்பதும் இயல்பானதே.

மிஞ்சியிருக்கும் வழிகள் இரண்டு. சென்சார் கெட்டிருக்க வேண்டும். அல்லது சென்சார் நன்றாக இருந்து, அதன் மூக்கில் மட்டும் வெளிக்காற்று படுகிறது.

சென்சாரைச் சோதிப்பது எளிது. சூடான எஞ்சினில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். அந்தக் கணத்தில் கலவை செறிவதால் வோல்ட்டேஜ் தயங்காமல் 0.8-க்கு மேல் எழும்ப வேண்டும். உயர்ந்த சுற்றிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் நிறுத்தப்படுவதால் பூஜ்யத்துக்கு அருகில் இறங்க வேண்டும். இரண்டும் உடனுக்குடன் நடந்தால் சென்சார் உயிரோடும் சுறுசுறுப்போடும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: ஜிர்கோனியா சென்சார் புகையின் ஆக்சிஜனை வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு ஒப்பிட்டே வோல்ட்டேஜைத் தருகிறது, அந்த வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயரின் உறை வழியாகத்தான் உள்ளே போகிறது. எனவே இணைப்பின்மேல் எண்ணெயோ துப்புரவுத் தெளிப்பானோ அடிக்காதீர்கள்.

எஞ்சின்நேசன் எழுதியது:

இரண்டாவது வழியில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. புகை மொத்தமாகப் பெட்ரோல் மிகுந்ததாக இருக்கும்போது, வெளிக்காற்று சிறிது கலந்தாலும் மொத்தக் கணக்கு 0.933-தானே? அந்தக் கலவையில் நிற்கும் சென்சார் எப்படி மெலிந்ததாகக் காட்டும்? மேலும் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே வர வேண்டும், காற்று எப்படி உள்ளே போகும்?

நான்குவீச்சு எழுதியது:

இந்த இழையின் மிகச் சிறந்த கேள்வி இதுதான்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புகை ஒரே சீராக ஓடும் ஓட்டம் அன்று. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் திறக்கும்போது ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அலை கடந்துபோனதும் அதன் பின்னால் குழாயின் அழுத்தம் கணநேரம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. பிளவு இருந்தால் அலை வரும்போது புகை வெளியே கசியும், அலை போனதும் காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஐட்லிங்கில் அலைகளுக்கு இடையே நேரம் அதிகம், புகையின் மொத்த அளவும் குறைவு என்பதால் உறிஞ்சப்படும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். 2500 சுற்றில் அலைகள் நெருங்கி வருகின்றன, சராசரி அழுத்தமும் உயர்கிறது, உறிஞ்சுதல் குறைகிறது. பழையவண்டியின் எண்கள் இதே வரிசையில்தான் இருக்கின்றன: ஐட்லிங்கில் 0.933 மற்றும் +19, 2500-இல் 0.957 மற்றும் +9.

முதல் ஐயத்துக்கு வருவோம். எல்லாம் ஒரே சீராகக் கலந்திருந்தால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. சென்சார் செறிந்த கலவை என்றே காட்டியிருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் குழாய்த் தொகுதி) சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. பிளவு வழியே வந்த காற்று குழாயின் சுவரை ஒட்டி ஓடி, கலப்பதற்கு முன்பே சென்சாரின் மீது பட்டுவிடும். வாய்க்காலில் மடை வழியே வந்து சேரும் தெளிந்த நீர் கலங்கல் நீரோடு உடனே கலந்துவிடாமல் கொஞ்ச தூரம் கரையோரமாகத் தனியே ஓடுவதைப் போன்றது இது. அந்தக் கரையில் நிற்கும் சென்சாருக்குத் தெரிவது தெளிந்த நீர் மட்டும்தான். கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் கடந்து வால் குழாய்க்கு வரும்போது எல்லாம் கலந்துவிடுவதால், பரிசோதனைக் கருவி உண்மையைக் காண்கிறது.

அந்த 'டிக் டிக்' ஓசையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் ஓசை டேப்பெட்டாகவும் இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவும் இதே மாதிரிதான் ஒலிக்கும். உலோகம் சூட்டில் விரிந்து பிளவு சுருங்கியதும் ஓசை அடங்கிவிடும். ஓசை அடங்கினாலும் உறிஞ்சுதல் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தீப்பொறி எழுதியது:

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை: எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும், ஓடக்கூடாது. வேக்குவம் கிளீனரின் காற்று வெளித்தள்ளும் வாயிலிருந்து ஒரு குழாயை எடுத்து, வால் குழாயில் துணி சுற்றிப் பொருத்தி, காற்றை உள்ளே தள்ளுங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் ஆவி மோட்டாருக்குள் போய்த் தீப்பற்றக்கூடும். பிறகு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு இணையும் விளிம்பு), குழாய் இணைப்புகள், சென்சாரின் மரை ஆகிய இடங்களில் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ஸ்மோக் மெஷின் உள்ள பணிமனையில் இதைவிட எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். கசிவு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கரிக்கோடு ஒன்றும் தெரியும்.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய எந்தச் சோதனையையும் மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள். 2.6 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடிய அளவு, அதற்கு வாடையும் கிடையாது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழையவண்டி எழுதியது:

சோதனைகளை முடித்துவிட்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சென்சார் 0.85-க்கு எழுந்தது, காலை எடுத்ததும் 0.05-க்கு இறங்கியது; எந்தத் தயக்கமும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் காற்றைத் தள்ளிச் சோப்பு நீர் தெளித்ததும், நான்காவது சிலிண்டரின் மேனிஃபோல்டு ஃபிளாஞ்சில் நுரை பொங்கி வந்தது. ஹீட் ஷீல்டைக் கழற்றினால் அங்கே கரிக்கோடும் இருக்கிறது. அதை எஞ்சினோடு பிணைக்கும் திருகுகளில் (ஸ்டட்) ஒன்று உடைந்து தலைப்பகுதி காணாமல் போயிருக்கிறது. சென்சார் அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

உடைந்த ஸ்டட்டை எடுத்து, மேனிஃபோல்டின் முகத்தைச் சமன் செய்து, புதிய கேஸ்கட் போட்டார்கள். குளிர் ஓசை நின்றுவிட்டது. சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஒழுங்காக ஊசலாடுகிறது, ட்ரிம் +2-க்கு வந்துவிட்டது. பணிமனையிலேயே புகையை அளந்தார்கள். 2500 சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.45, ஹைட்ரோகார்பன் 110, கார்பன் டை ஆக்சைடு 14.6, ஆக்சிஜன் 0.5, லாம்டா 1.006.

பெரிய முன்னேற்றம்தான், ஆனால் வரம்பு 0.3 என்பதால் இன்னும் தேறவில்லை.

எஞ்சின்நேசன் எழுதியது:

மனமார்ந்த வாழ்த்துகள். லாம்டா 1.00-க்கு வந்த பிறகு கேட்கலாம் என்று ஒத்திவைத்த கேள்வியை இப்போது கேட்கிறேன். 0.45 கார்பன் மோனாக்சைடை எரிக்க 0.23 ஆக்சிஜன் போதும், 0.5 இருக்கிறது. தேவையானது கையில் இருந்தும் கன்வெர்ட்டர் இரண்டையும் சேர்த்துவைக்கவில்லை. இதற்கு மேலும் அதைக் காப்பாற்ற முடியுமா?

நான்குவீச்சு எழுதியது:

கேள்வி முழுக்க முழுக்க நியாயமானது. இப்போது சீட்டு கன்வெர்ட்டரைத்தான் சுட்டுகிறது. ஆனால் வேலை செய்யாத கன்வெர்ட்டர் என்பதற்கும் சூடாகாத கன்வெர்ட்டர் என்பதற்கும் சீட்டில் வேறுபாடு தெரியாது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது வேலையைத் தொடங்கும். பழையதாக ஆக, அந்தத் தொடக்க வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். கூலன்ட் 90 டிகிரியில் இருப்பதால் கன்வெர்ட்டரும் சூடாக இருக்கும் என்று கருத முடியாது. வெறும் ஐட்லிங்கில் எஞ்சினைச் சூடாக்கினால் போதிய வெப்பம் அதற்குப் போய்ச் சேராது. ஐட்லிங்கில் நீண்ட நேரம் நின்றால் ஏற்கெனவே சூடாக இருந்ததும் ஆறிவிடும். பழையவண்டி, பழுது முடிந்ததும் வண்டியைச் சாலையில் ஓட்டிய பிறகு அளந்தார்களா?

பழையவண்டி எழுதியது:

இல்லை. கேஸ்கட் போட்டு முடித்து, விசிறி சுழலும் வரை ஐட்லிங்கில் விட்டு, அங்கேயே அளந்தார்கள்.

தீப்பொறி எழுதியது:

அப்படியானால் கன்வெர்ட்டர்மேல் தீர்ப்பு எழுதுவதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது எஞ்சின் ஆயில். இவ்வளவு காலம் பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடியதால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் கலந்திருக்க வாய்ப்புண்டு. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஊற்றியதைவிட ஏறியிருந்தாலோ, உடனே மாற்றிவிடுங்கள். சூடான ஆயிலிலிருந்து எழும் அந்த ஆவி இன்டேக்குக்குப் போய்க் கார்பன் மோனாக்சைடை உயர்த்தும். எஞ்சினின் உராய்வுப் பாகங்களுக்கும் அந்த நீர்த்துப்போன ஆயில் கேடுதான் என்பதால், பரிசோதனையை மறந்துவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இரண்டாவது சூடு. நெடுஞ்சாலையில் 20 முதல் 30 நிமிடம் எஞ்சினுக்குச் சுமை கொடுத்து ஓட்டிவிட்டு நேராகப் பரிசோதனைக்குப் போங்கள். வரிசையில் காத்திருக்க நேர்ந்தால், உங்கள் முறை வருவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் 2500 முதல் 3000 சுற்றில் வைத்திருங்கள். வண்டி காய்ந்த புல்லின்மேலோ காகிதக் குப்பையின்மேலோ நிற்கக் கூடாது. கன்வெர்ட்டரின் அடிப்பகுதி அவற்றைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும்.

பேட்டரியைக் கழற்றிக் கணினியின் பழைய கற்றலை அழிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் ட்ரிம் ஏற்கெனவே +2-க்கு இறங்கிவிட்டதால் தேவையில்லை. பிற்கால வண்டிகளில் அப்படிச் செய்தால் கணினியின் சுயசோதனைப் பதிவுகளும் அழிந்து, அதற்காகவே பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படும் நிலை வரலாம்.

மலைப்பாதை எழுதியது:

என் வண்டியின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். சோக்கைச் சிறிது மூடியதும் மிஸ்ஸிங் நின்றது. தேடிப் பார்த்ததில் பிரேக் பூஸ்டர் குழாய், கிளிப்புக்குப் பக்கத்தில் நெடுக வெடித்திருந்தது. குழாயை மாற்றியதும் ஐட்லிங் சுற்றே தானாக மாறிவிட்டதால், ஸ்க்ரூவை இனிப் புகைக் கருவியை வைத்துத்தான் சரிசெய்யப் போகிறேன். நான்குவீச்சுக்கு என் நன்றி.

பழையவண்டி எழுதியது:

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை தெளிவாகவே இருந்தது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினேன். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நேராகப் போனேன். புதிய சீட்டில் உள்ளவை:

2500 சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.12, ஹைட்ரோகார்பன் 40, கார்பன் டை ஆக்சைடு 15.2, ஆக்சிஜன் 0.1, லாம்டா 1.00. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3, ஹைட்ரோகார்பன் 90.

வண்டி தேறிவிட்டது, பழைய கன்வெர்ட்டரோடுதான். உங்கள் எல்லோருக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எஞ்சின்நேசன் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. இருந்தாலும் 2500-இல் 0.12 ஆக இருப்பது ஐட்லிங்கில் 0.3 ஆக ஏறுகிறதே, அதைப் பற்றி நான்குவீச்சு என்ன நினைக்கிறார்?

நான்குவீச்சு எழுதியது:

கன்வெர்ட்டருக்கு வயதாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஐட்லிங்கில் புகை குறைவாகவும் குளிர்ச்சியாகவும் வருவதால் அது விரைவில் ஆறுகிறது. புதியதாக இருந்தால் இந்த ஆறுதலையும் தாங்கிக்கொண்டு வேலை செய்திருக்கும். நீங்கள் முதலில் சொன்னது ஒருநாள் உண்மையாகத்தான் போகிறது, ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை. பழையவண்டி இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த பரிசோதனைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டில், லாம்டா 1.00-இல் நிற்கும்போதே கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறியிருந்தால், அப்போது தயங்காமல் கன்வெர்ட்டரை மாற்றிவிடலாம்.

மேனிஃபோல்டு நட்டுகள் சில முறை சூடாகி ஆறிய பிறகு சற்றுத் தளரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தயாரிப்பாளர் குறித்திருக்கும் டார்க் (முறுக்குவிசை) அளவில், நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எங்காவது மீண்டும் கசிவு தெரிந்தால் சாதாரண சிலிக்கோன் பசையைப் பூசி அடைக்க முயல வேண்டாம். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரின் மீது படிந்து அதைக் கெடுத்துவிடும்.